'கெட்' என்னும் வாசற்படி

மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு செவிலியர் மட்டும் தயங்கி நின்றார். குறிப்பேட்டைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்: 'ஷி ஈஸ் கெட்டிங் தேர்.' முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைப் பற்றி மருத்துவர் அப்படிச் சொன்னாராம். இவர் உடனே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, 'வேர்?' என்று கேட்டிருக்கிறார். எங்கே அழைத்துப் போக வேண்டும் என்று.

"அகராதியைப் பார்த்தேன் டீச்சர். 'கெட்' என்றால் பெறு. 'தேர்' என்றால் அங்கே. அங்கே பெறுகிறாரா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை."

மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: தேறி வருகிறார். நம் மொழியிலும் 'வருகிறார்' என்றுதானே சொல்கிறோம்? எங்கிருந்து வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த 'வருகிறார்' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'கெட்டிங் தேர்' செய்கிறது. இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அகராதி தராத தெளிவைத் தாய்மொழி தந்துவிட்டது.

பதினோரு ஆண்டுகளாகப் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்றுத் தருகிறேன். வேறு எந்தச் சொல்லுக்கும் ஒதுக்காத அளவு நேரத்தை 'கெட்' என்ற இந்த ஒரு சொல்லுக்கு ஒதுக்குகிறேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் முதன்முதலாக வேலைக்குப் போன வருடம், மேலதிகாரி ஒரு திட்டத்தை அரை மணி நேரம் விளக்கிவிட்டு, 'ஐ டோன்ட் திங்க் யூ கெட் இட்' என்றார். திட்ட அறிக்கை எனக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணி, 'எஸ், ஐ காட் இட் எஸ்டர்டே' என்று மேசையிலிருந்த தாள்களை எடுத்துக் காட்டினேன். அவர் சொன்னதோ எனக்குப் புரியவில்லை என்று நினைப்பதாக. அறையில் இருந்தவர்கள் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. வேலை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றெழுத்துச் சொல் ஒன்றுதான் தெரியவில்லை. இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். 'கெட்' என்றால் பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள், போய்ச்சேர் என்று பட்டியல் எழுதி மனப்பாடம் செய்வதை நிறுத்திவிடுங்கள். பட்டியல் நீண்டுகொண்டே போகும்; பேசும்போது கைகொடுக்காது. அதற்குப் பதிலாக ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஆம்', 'ஈஸ்', 'ஹேவ்' ஆகியவை அறைகள். அறைக்குள் இருப்பதை அவை சொல்கின்றன. 'கெட்' வாசற்படி. வெளியில் இருந்தவர் உள்ளே கால் வைக்கும் கணத்தை அது சொல்கிறது.

'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ காட் டயர்ட்' என்றால் களைத்துப் போனேன் ('காட்' என்பது 'கெட்' என்பதன் இறந்தகால வடிவம்). 'ஐ ஹேவ் த கீ' என்றால் சாவி என்னிடம் இருக்கிறது. 'ஐ காட் த கீ' என்றால் சாவி கைக்கு வந்துவிட்டது. 'ஐ நோ ஹர்' என்றால் அவரைத் தெரியும். 'ஐ காட் டு நோ ஹர்' என்றால் அவர் பழக்கமானார். ஒவ்வொரு இணையிலும் இரண்டாவது வாக்கியத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது. எந்தப் புதிய வாக்கியத்தில் 'கெட்' வந்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இங்கே எது எதுவாக மாறியது? பத்தில் எட்டு இடங்களிலாவது பொருள் தானாகப் பிடிபடும் என்பது என் அனுபவம்.

ஆவதும் சேர்வதும்

பேச்சில் மிக அதிகம் வருவது 'கெட்' உடன் ஒரு பண்புச்சொல் சேர்வது. 'கெட் ஆங்ரி' கோபப்படு, 'கெட் ரெடி' தயாராகு, 'கெட் லாஸ்ட்' வழி தவறிப் போ, 'இட் ஈஸ் கெட்டிங் டார்க்' இருட்டிக்கொண்டு வருகிறது. 'கெட் மேரிட்' என்பதும் இந்த வகைதான். ஆனால் யாரை மணந்தார் என்று சொல்லும்போது 'டு' தான் வர வேண்டும், 'வித்' வரக்கூடாது. நாம் 'அவரோடு கல்யாணம்' என்று நினைப்பதால் 'வித்' தானாக வந்து விழுகிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'கெட்' என்றால் ஆகு என்று தெரிந்துகொண்ட உற்சாகத்தில் ஒரு மாணவர், தன் மகள் மருத்துவரானதைச் சொல்ல 'ஷி காட் எ டாக்டர்' என்றார். அதைக் கேட்பவருக்கு, அவள் போய் ஒரு மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்றுதான் தோன்றும். பின்னால் வருவது பண்புச்சொல்லாக இருந்தால் ஆகுதல். பெயர்ச்சொல்லாக இருந்தால் அந்தப் பொருள் அல்லது ஆள் கைக்கு வருதல். ஒருவர் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆவதற்கு 'பிகம்' தான் சரி: 'ஷி பிகேம் எ டாக்டர்.'

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பார்வை போவது, காது கேளாமல் போவது, உணவு கெட்டுப்போவது ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் 'கோ' என்று சொல்வதுதான் வழக்கம்: 'கோ பிளைண்ட்', 'கோ டெஃப்', 'கோ பேட்'. தமிழிலும் இவற்றுக்கெல்லாம் 'போ' தான் வருகிறது, கவனித்தீர்களா? கண் போயிற்று, கெட்டுப் போயிற்று. அந்த இடங்களில் தமிழ்க் காதை நம்பலாம்.

இடத்தைப் போய்ச் சேர்வதற்கும் 'கெட்' தான். 'வென் டிட் யூ கெட் டு த ஸ்டேஷன்?' எப்போது நிலையத்துக்கு வந்து சேர்ந்தீர்கள்? ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' என்ற மூன்றுக்கும் முன்னால் 'டு' கூடாது. 'கெட் ஹோம்' என்று மட்டும் சொல்லுங்கள். வகுப்பில் வாரம் ஒருமுறையாவது நான் திருத்தும் தவறு இது.

பஸ்ஸில் ஏறுவது 'கெட் ஆன்', காரில் ஏறுவது 'கெட் இன்'. ஏன் இந்த வேறுபாடு? உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றால் 'இன்': கார், டாக்சி. சைக்கிள், குதிரை போன்றவற்றின் மேல்தான் ஏறி உட்காருகிறோம் என்பதால் அவற்றுக்கும் 'ஆன்' தான். இறங்கும்போது முதல் கூட்டத்துக்கு 'கெட் ஆஃப்', இரண்டாவதற்கு 'கெட் அவுட் ஆஃப்'.

'படு'வும் 'வை'யும் உதவிக்கு வரும் இடம்

இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் விரும்பிக் கற்றுத் தருகிறேன். நம் 'படு' இருக்கிறதே, அடிபட்டான், அகப்பட்டான், அவமானப்பட்டான் என்பவற்றில் வருவது, அதற்கு ஆங்கிலத்தில் ஏறக்குறைய நேரான இணை 'கெட்' தான். 'ஹி காட் ஹர்ட்' அடிபட்டான். 'ஹி காட் காட்' என்று இரண்டு முறை ஒரே ஒலி போலக் கேட்பது, அகப்பட்டான் என்பதைச் சொல்கிறது; முதல் 'காட்' குறுகியது, பிடி என்னும் 'கேட்ச்' என்பதிலிருந்து வந்த இரண்டாவதன் உயிரொலி வாயைக் குவித்துச் சற்று நீட்டிச் சொல்லப்படும். 'வாஸ் ஹர்ட்' என்றும் சொல்லலாமே என்று கேட்பார்கள். சொல்லலாம். ஆனால் 'கெட்' போட்டால் அந்த நிகழ்ச்சி அவன் தலையில் வந்து விழுந்தது என்ற உணர்வு கூடுகிறது. வேலை போனது, அடிபட்டது, பதவி உயர்வு கிடைத்தது போல நம்மை நேராகத் தாக்கும் செய்திகளில் இதை அதிகம் கேட்பீர்கள்: 'ஐ காட் ப்ரமோட்டட்', 'ஹி காட் ஃபயர்ட்.' ஒரு கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்று அமைதியாகச் சொல்லும் இடத்தில் இது பொருந்தாது. அங்கே 'வாஸ் பில்ட்' தான் வேண்டும்.

அடுத்து 'வை'. வரவைத்தேன், ஒப்புக்கொள்ள வைத்தேன், கையெழுத்துப் போடவைத்தேன். 'ஐ காட் ஹிம் டு சைன்.' ஆளைச் சொல்லி, அதன் பின் 'டு' வைத்து, வினையைச் சொல்ல வேண்டும். கட்டாயப்படுத்தினால் 'மேக்', அதற்கு 'டு' இல்லை: 'ஐ மேட் ஹிம் சைன்.' 'கெட்' என்று சொன்னால் எடுத்துச் சொல்லி, கெஞ்சி, இரண்டு முறை நடந்து சம்மதிக்க வைத்தேன் என்ற உழைப்பு அதில் தெரியும்.

ஆளை விட்டுவிட்டு வேலையை மட்டும் சொல்ல வேண்டுமானால் வரிசை மாறும்: 'ஐ காட் இட் சைன்ட்.' கையெழுத்து வாங்கிவிட்டேன். இந்த அமைப்பைத் தமிழர்கள் அவசியம் பழக வேண்டும். நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்பது சொல்லாமலே விளங்கும். அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்று மாற்றினால், நீங்களே கத்தரிக்கோல் எடுத்து வெட்டிக்கொண்டதாகப் பலர் நினைப்பார்கள். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்லிப் பழகுங்கள். கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது, துணி தைக்கக் கொடுப்பது, வண்டியைப் பழுதுபார்க்க விடுவது என்று காசு கொடுத்துப் பிறரிடம் செய்துவாங்கும் எல்லா வேலைகளுக்கும் இதே அச்சு. 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.'

'காட் டு' என்ற குழப்பம்

பாதி வகுப்பு தடுமாறும் இடத்துக்கு வந்துவிட்டோம். இந்த இரண்டையும் உரக்கப் படியுங்கள்:

'ஐ காட் டு சீ ஹிம்.'
'ஐ ஹேவ் காட் டு சீ ஹிம்.'

முதலாவது, அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. இரண்டாவது, அவரைப் பார்த்தே ஆக வேண்டும். கட்டாயம். பேசும் வேகத்தில் 'ஹேவ்' தேய்ந்து ஒரு மெல்லிய 'வ்' ஆகிவிடும். சில சமயம் அதுவும் காணாமல் போய் 'ஐ காடா சீ ஹிம்' என்று மட்டும் காதில் விழும். அப்படி ஒட்டிக்கொண்டு 'காடா' என்று கேட்டால் பெரும்பாலும் கட்டாயம்தான். நடந்து முடிந்ததைச் சொல்கிறார்களா, இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். 'எஸ்டர்டே', 'டுமாரோ' போன்ற ஒரு சொல் அருகில் இருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

'ஹேவ் காட்' தனியாக வந்தால் வெறும் 'ஹேவ்' தான். 'ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்' என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள். இங்கே மட்டும் வாசற்படி உவமை உதவாது. பெற்றுவிட்டேன் என்று சொல்லிச் சொல்லியே அது என்னிடம் இருக்கிறது என்ற பொருளுக்கு வந்து நின்றுவிட்டது. வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட 'கெட்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று ஒரு வடிவம் சொல்வார்கள். அது தவறு என்று நினைத்து என்னிடம் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். தவறில்லை, ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய வடிவம் அது. இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்து, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. 'ஃபர்காட்டன்' என்ற சொல்லில் அது இரண்டு நாடுகளிலும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு இதனால் ஒரு வசதியும் உண்டு: 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கிவிட்டேன். நீங்கள் யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.

சொல்லின் பிறப்பையும் இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். 'கெட்' இங்கிலாந்திலேயே பிறந்த சொல் அல்ல. 9ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் 'கெத்தா' என்று இருந்தது. முட்டையைக் குறிக்கும் 'எக்', எடு என்னும் 'டேக்', அவர்கள் என்னும் 'தே' ஆகியவையும் அந்த வழியில் வந்தவைதான். வந்தேறிச் சொல் ஒன்று இன்று அந்த மொழியின் அடித்தளமாகவே ஆகிவிட்டது என்று சொன்னால், வகுப்பில் பயந்து பேசாமல் இருப்பவர்கள்கூடச் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

கூடவே ஒட்டும் சிறு சொற்கள்

'அப்', 'ஓவர்', 'பை' என்று சிறு சொற்கள் ஒட்டி வருபவை ஏராளம். எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். 'கெட் அப்' எழுந்திரு. கண் விழிப்பது 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுவதுதான் 'கெட் அப்'. 'கெட் ஓவர்' துயரத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீண்டு வருவது. 'கெட் பை' இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. 'கெட் அலாங்' ஒத்துப்போவது. 'கெட் ரிட் ஆஃப்' ஒழித்துக்கட்டுவது. 'கெட் அவே வித்' தப்புச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் நழுவுவது. ஏழாவதாக 'கெட் பேக் டு யூ': நேர்காணல் முடிந்ததும் 'வி வில் கெட் பேக் டு யூ' என்று சொன்னால், யோசித்துப் பின்னர் பதில் சொல்கிறோம் என்று பொருள். திரும்பி வருகிறோம் என்று எடுத்துக்கொண்டு ஒரு இளைஞர் வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

தொலைபேசி மணியோ கதவு மணியோ அடித்ததும் 'ஐ வில் கெட் இட்' என்று யாராவது எழுந்தால், நான் பார்க்கிறேன் என்று பொருள். 'கேன் ஐ கெட் யூ சம் வாட்டர்?' என்றால் தண்ணீர் கொண்டுவரட்டுமா. 'டோன்ட் கெட் மீ ராங்' என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றுக் கருத்தை மென்மையாகச் சொல்லத் தொடங்கும்போது இது மிகவும் பயன்படும். என்னைத் தடுக்கிவிட்ட அந்தப் பழைய வாக்கியத்துக்கும் விடை இதுதான்: 'ஐ கெட் இட்' புரிகிறது, 'காட் இட்' புரிந்துவிட்டது, 'ஐ டோன்ட் கெட் இட்' புரியவில்லை. புரியாதபோது புரியவில்லை என்று உடனே சொல்லக் கற்றுக்கொள்வது எல்லாவற்றிலும் முக்கியம். தலையாட்டிவிட்டுப் பிறகு தவிப்பதை விட அது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்கும்போது 'டிட்' மறக்கக் கூடாது: 'டிட் யூ கெட் ஹர்ட்?' 'டிட்' வந்துவிட்டால் 'காட்' மறுபடி 'கெட்' ஆகிவிடும். 'டிட் யூ காட்' என்பது காதில் விழும்போதெல்லாம் பலகையைத் தட்டி நிறுத்துகிறேன்.

உச்சரிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்தில் 'கெ' என்று எழுதினாலும் ஒலி 'கெட்டி' என்பதில் வருவது அல்ல. 'தங்கம்' என்று சொல்லும்போது வரும் 'க' ஒலி. அதைத் தனியே எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்கர் பேச்சில் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ட்' இளகிவிடும்: 'கெட் அப்' என்பது 'கெடப்' போலவும், 'கெட் இட்' என்பது 'கெடிட்' போலவும் கேட்கும். நமக்கு இது எளிது. 'பட்டம்' என்பதில் அழுத்தமாகவும் 'படம்' என்பதில் மென்மையாகவும் 'ட'வைப் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறோம். அந்த 'படம்' ஒலி இதற்கு மிக நெருங்கியது.

விண்ணப்பக் கடிதத்திலும் அலுவலக அறிக்கையிலும் மட்டும் இந்தச் சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ரிசீவ்ட்', 'பிகேம்', 'அரைவ்ட்' என்று எழுதுவது பொருத்தம். பேச்சில் இவற்றையே பிடித்துக்கொண்டிருந்தால், கல்வெட்டைப் படித்துக் காட்டுவது போல் இருக்கும்.

பயிற்சி ஒன்றே ஒன்று. தினமும் படுக்கப் போகுமுன், அன்றைய நாளை 'காட்' என்ற சொல்லோடு ஏழெட்டு வாக்கியங்களில் உரக்கச் சொல்லுங்கள். எழுதாதீர்கள், வாய்தான் பழக வேண்டும். 'ஐ காட் அப் அட் சிக்ஸ். ஐ காட் ரெடி. ஐ காட் ஆன் த பஸ். ஐ காட் தேர் லேட். ஐ காட் த வொர்க் டன். ஐ காட் ஹோம்.' ஒவ்வொன்றையும் சொல்லும்போது, எது எதுவாக மாறியது என்று மனத்துக்குள் ஒரு கணம் நின்று பாருங்கள். இரண்டு வாரத்தில் சொல் தானாக நாக்குக்கு வரும்.

அந்தச் செவிலியர் மூன்று வாரம் இதைச் செய்தார். நான்காவது வாரம் வகுப்புக்குள் நுழையும்போதே, உட்காரும்முன், பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார்: 'ஐ காட் ஹர் டு வாக் டு த டோர்.' பாட்டியைக் கதவு வரை நடக்க வைத்துவிட்டாராம்.